ட்ரிஸ்டன் டா குன்ஹா ஆளில்லாத் தீவு அல்ல

"1961-ல் எரிமலை வெடித்து ஊரே அழிந்தது, மக்கள் வெளியேறினார்கள், அதன்பிறகு அங்கே யாருமே இல்லை" என்று ஒரு தகவல் படத்தோடு சுற்றி வருகிறது. பாதி உண்மை, பாதி தவறு.

தெற்கு அட்லாண்டிக்கில் உள்ள இந்த பிரிட்டிஷ் தீவுக்கூட்டத்தின் முதன்மைத் தீவில் 1961 அக்டோபரில் எரிமலை வெடித்தது உண்மை. சுமார் 260 பேரும் இங்கிலாந்துக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். ஆனால் எரிமலைக் குழம்பு கடலோரச் சிங்க இறால் பதப்படுத்தும் ஆலையைத்தான் விழுங்கியது. வீடுகள் பெரும்பாலும் தப்பின.

அப்புறம் நடந்ததுதான் முக்கியம், அதைத்தான் அந்தப் பதிவு விட்டுவிட்டது. 1962-ல் வாக்கெடுப்பு நடந்தது. திரும்பிப் போகலாம் என்று 148 பேர், வேண்டாம் என்று வெறும் 5 பேர்! 1963-ல் பெரும்பாலோர் ஊர் திரும்பினார்கள். அவர்களை இல்லாதவர்களாக்குவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இன்றும் அங்கே 200-க்கும் அதிகமானோர் வாழ்கிறார்கள். கல்சுவர் கட்டிய சின்னச் சின்னப் பாத்திகளில் உருளைக்கிழங்கு விளைகிறது. விமான நிலையம் கிடையாது. கேப் டவுனிலிருந்து கப்பலில் ஏறினால் சுமார் ஒரு வாரம் ஆகும்.

சரி, அதே தீவுக்கூட்டத்தில் ஆளில்லாத தீவுகளும் உண்டு. அவற்றில் ஒன்றான இன்அக்சசிபிள் தீவில்தான் உலகிலேயே மிகச் சிறிய பறக்காத பறவை வாழ்கிறது.