ஆறரை நம்பர் கையுறை

எம்.பி.பி.எஸ். முடித்த பெண் அடுத்து பொது அறுவை சிகிச்சை படிக்கப் போகிறேன் என்றால் ஈரோட்டுப் பக்கம் என்ன பதில் வரும் என்பது எனக்கு மனப்பாடம். "எதற்கு அம்மணி அது? நேரங்காலம் இல்லாத வேலை. பேசாமல் மகப்பேறு எடுத்துக்கொள்."

பிரசவம் நேரங்காலம் பார்த்தா வருகிறது? நான் மயக்க மருத்துவர். கோபி, பவானி, பெருந்துறை என்று என்னை நடுச்சாமத்தில் எழுப்பும் அழைப்புகளில் பெரும்பாலானவை சிசேரியனுக்குத்தான். அங்கே கத்தி பிடிப்பவர் அநேகமாகப் பெண். வயிற்றைத் திறந்து, சிறுநீர்ப்பையைக் கீழே ஒதுக்கி, கர்ப்பப்பையைக் கீறி, சில நிமிடங்களில் குழந்தையை எடுத்துவிட்டு, பெருகும் ரத்தத்தை நிறுத்தித் தைக்கிறார். பெண் கை தாங்குமா என்று யாரும் கேட்பதில்லை. குடலிறக்கத்துக்குப் பெண் சர்ஜன் வந்து நின்றால் மட்டும், "பெரிய டாக்டர் எப்போது வருவார்?" கேட்பவர்களில் அவரை நர்ஸ் என்று நினைத்தவர்களும் உண்டு.

கனடாவின் ஆன்டாரியோ மாகாணத்தில் 2007 முதல் 2019 வரை அறுவை சிகிச்சை செய்துகொண்ட பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோரை ஆராய்ந்து 2023இல் முடிவு வெளியிட்டார்கள். 90 நாட்களுக்குள் பாதகமான விளைவு ஏற்பட்டது, ஆண் சர்ஜன்களின் நோயாளிகளில் 13.9 சதவீதம், பெண் சர்ஜன்களின் நோயாளிகளில் 12.5. இதை வைத்துப் பெண்தான் உசத்தி என்று வாதாட வரவில்லை. பயப்படக் காரணம் இல்லை என்கிறேன், அவ்வளவுதான்.

தடை வேறு இடத்தில் இருக்கிறது. பல ஆபரேஷன் தியேட்டர்களில் உடை மாற்ற இரண்டே அறைகள்: ஒன்று டாக்டர்களுக்கு, ஒன்று நர்ஸ்களுக்கு. பெண் சர்ஜன் எங்கே போவார் என்று கட்டிடம் கட்டியவர் யோசிக்கவே இல்லை. கையுறை ஏழு, ஏழரை என்று பெட்டி பெட்டியாக வரும். ஆறரை கேட்டால் "தீர்ந்துவிட்டது மேடம்". பெரிய கையுறையில் விரல் நுனி மடங்கி, முடிச்சுப் போடும்போது நூலில் சிக்கும். சிறு துளை வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பியில், திசுவை இணைக்கும் ஸ்டேப்லரின் பிடியைச் சிறிய கை ஒரே கையால் அழுத்துவது கடினம். இரண்டு கையாலும் அழுத்தினால், "பலம் போதவில்லை" என்று பின்னால் ஒரு குரல். எலும்பு அறுவை சிகிச்சையில் எக்ஸ்ரே ஓடும்போது அணியும் ஈய அங்கி பலவற்றில் அக்குள் பக்கம் திறந்தே கிடக்கிறது. மார்பகத் திசு அதுவரை நீளும் என்பதை ஒரு மருத்துவமனைக்கு நான் சொல்லித்தரவா வேண்டும்?

"குழந்தை பிறந்ததும் விட்டுவிடுவார்கள்" என்பது சக ஆண் மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்வது. 2017 முதல் சட்டப்படி 26 வாரம் வரை சம்பளத்துடன் பேறுகால விடுப்பு உண்டு, வேலையில் இருப்பவருக்கு. நம் தனியார் மருத்துவமனைகளில் கேஸுக்கு இவ்வளவு என்று வாங்கும் சர்ஜன் ஊழியர் கணக்கிலேயே வருவதில்லை. அவர் திரும்பி வரும்போது, கேஸ் அனுப்பிக்கொண்டிருந்த மருத்துவர்கள் வேறு ஒருவரைப் பழகியிருப்பார்கள். அவர் விட்டுப் போனாரா, விடவைத்தார்களா?

மருத்துவமனை நடத்தும் நண்பர்களே, மார்ச் 8 அன்று கேக் வெட்ட என்னைக் கூப்பிடுகிறீர்கள். அந்தப் பணத்தில் ஆறரை நம்பர் கையுறை நான்கு பெட்டி வாங்கி வையுங்கள். பெண் மருத்துவர்களுக்குத் தாழ்ப்பாள் உள்ள ஓர் அறையும் ஒதுக்குங்கள். கேக் எனக்கு வேண்டாம், எப்படியும் சர்க்கரை இருக்கிறது.