சூதாடியிடம் சூது இருக்கிறதா?

பணயம் வைத்து ஆடுபவரைச் சூதாடி என்கிறோம். திருக்குறளில் அவருக்குப் பெயர் ‘சூதர்’. ‘ஒன்றெய்தி நூறிழக்கும் சூதர்க்கும்’ என்று தொடங்குகிறது 932ஆம் குறள். ஆனால் சிலப்பதிகாரத்து இந்திர விழவில் மாகதர், வேதாளிகர் என்னும் புகழ்பாடுவோரோடு சேர்ந்து வரும் சூதர் வேறு. அவர்கள் அரசனை நின்று ஏத்துவோர். தேரோட்டியின் வளர்ப்பு மகன் என்பதால் கர்ணனைச் சூதபுத்திரன் என்றதும் தேரோட்டிக்கும் பெயரான அந்தச் சூதனை வைத்துத்தான். உருவம் ஒன்றாகி இப்படிக் குழப்பிய இரண்டு சொற்களில், ஆட்டத்துக்குரியது ‘ஆடி’யைச் சேர்த்துக்கொண்டு பிழைத்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

சூது என்பது ‘த்யூதம்’ என்ற வடசொல்லிலிருந்து வந்ததாகத் தமிழ்ப் பேரகராதி காட்டுகிறது. இந்தியின் ஜுவா, ஜுவாரி ஆகியவையும் அந்த வழியில் வந்தவையே. மூலத்தில் அது பகடையாட்டம் மட்டுந்தான். தமிழிலோ அது வஞ்சகத்துக்கும் பெயராகி, ஆட்டத்தையே அறியாதவர்கூட ‘சூதுவாது தெரியாத பிள்ளை’ என்று சொல்லும் அளவுக்குப் பரவிவிட்டது. (இடத்தைக் குறித்த சொல்லுக்கு நேர்மாறான யோகம்: 935, 937ஆம் குறள்களில் சூதாடும் களத்தைக் குறிக்கும் ‘கழகம்’ இன்று பல்கலைக்கழகத்தில் கௌரவமாக அமர்ந்திருக்கிறது.)

என் மனத்தாங்கல் இந்த வஞ்சகப் பொருளைப் பற்றியது. சூதாடி என்று சொன்ன உடனே தந்திரக்காரர் ஒருவர் நம் கண்முன் வந்து நிற்கிறார். உண்மையில் ஆட்டத்தில் பொருளைத் தோற்றவர்களில் பெரும்பாலோர், அடுத்த சுற்றிலாவது விட்டதைப் பிடித்துவிடலாம் என்று கள்ளமில்லாமல் நம்பியவர்கள். இழக்க இழக்க ஆசை பெருகும் இந்த நிலையை 940ஆம் குறள் ‘இழத்தொறூஉம் காதலிக்கும் சூது’ என்கிறது. 931ஆம் குறளோ, வென்ற பொருளையே தூண்டில் முள்ளை மீன் விழுங்கியதற்கு ஒப்பாக்குகிறது. மகாபாரதத்திலும் நாட்டையும் தம்பியரையும் மனைவியையும் வைத்து இழந்த தருமனிடம் சூது இல்லை, அது சகுனியிடம் இருந்தது. இருந்தும் சூதாடி என்ற பெயர் தருமனுக்கும் பொருந்துகிறது.

அதற்காக, காசு கட்டி ஆடும் செயலிகள் செய்வதைப்போல அவரை ‘விளையாட்டு வீரர்’ என்று அழைக்கவும் எனக்கு மனம் வரவில்லை. சூதாடி என்ற சொல் ஆடுபவர்மேல் பழியைப் போடுகிறது என்றால், இந்தச் சொல் ஆட்டத்தில் பழியே இல்லை என்கிறது. நீளமாக இருந்தாலும், ‘பணயம் வைத்து இழந்தவர்’ என்றே நான் எழுதுகிறேன்.