தாமரையை வண்டி மிதிக்கலாமா?

போன பொங்கல் கூடுகையில் ஒரு நண்பர் கிளப்பிவிட்ட யோசனை இது. நூலகத்துக்கு எதிரே இருக்கும் ஜீப்ரா கிராசிங்கில் ஒரு கோலம் போட்டால் என்ன? சியாட்டிலில் வானவில்லே போட்டிருக்கிறார்களே, நமக்கு மட்டும் தர மாட்டார்களா? பொங்கல் தட்டோடு எல்லோரும் தலையாட்டினார்கள். விதிகளைப் படித்துச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. சிக்குக் கோலமா, பூக்கோலமா என்ற சண்டை அன்றைக்கே ஆரம்பம். பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து வந்திருந்த ஒரு அம்மா மட்டும், "தாமரையை வண்டி ஏறி மிதிக்கலாமா தம்பி?" என்று கேட்டார். அதற்கு இன்றுவரை யாரும் பதில் சொல்லவில்லை.

நாங்கள் இருப்பது சியாட்டிலுக்குப் பக்கத்தில். அங்கே நடந்த கதை சுவாரசியமானது. 2015 ஜூனில் கேபிடல் ஹில் பகுதியில் நகராட்சியே 11 கிராசிங்குகளுக்கு, தன்பாலீர்ப்பாளர்களின் கொடியில் இருக்கும் வானவில் நிறம் அடித்தது. அடுத்த இரண்டு மாதத்தில், சென்ட்ரல் டிஸ்ட்ரிக்ட் பகுதியில் சிலர் யாரையும் கேட்காமல், கறுப்பின மக்களின் கொடி நிறங்களான சிவப்பு, கறுப்பு, பச்சையைக் கிராசிங்குகளில் அடித்துவிட்டார்கள். கறுப்பின மக்கள் தலைமுறைகளாக வாழ்ந்து, இப்போது வாடகை கட்ட முடியாமல் வெளியேறிக்கொண்டிருக்கும் இடம் அது. நாங்கள் இங்கே இருக்கிறோம் என்று தரையில் எழுதிவைத்தார்கள். நகராட்சி சண்டைக்குப் போகாமல் அதை நிரந்தரமாக்குவதாக அறிவித்தது. சமூகக் குழுக்கள் முறையாக விண்ணப்பிக்க ஒரு திட்டத்தையும் அந்த ஆண்டே கொண்டுவந்தது.

ஆனால் 2021 நவம்பரில் அதே கேபிடல் ஹில்லில், கிராசிங் கோடே இல்லாத ஒரு சந்திப்பில் யாரோ ராத்திரியோடு ராத்திரியாக வெறும் வெள்ளைக் கோடு போட்டுவைத்தபோது, நகராட்சி ஆட்கள் வந்து அதை அழித்தார்கள். அழகுக்குப் போட்டால் நிற்கும், உயிருக்குப் பயந்து போட்டால் நிற்காது என்று எரிச்சலாக இருந்தது. விதிகளைப் படித்த பிறகுதான் அதிலும் ஒரு நியாயம் இருப்பது புரிந்தது. வெள்ளைக் கோடு என்பது "இங்கே கடக்கலாம்" என்று அரசு கொடுக்கும் வாக்கு. ஏற்கெனவே இருக்கும் கோடுகளுக்கு நடுவில் வரும் நிறம் வெறும் அலங்காரம்.

விதிப்படி கிராசிங்கைக் குறிப்பது வெள்ளைக் கோடுதான். நடுவில் செங்கல் போல, கல் போல மங்கலான நிறம் இருக்கலாம், பளிச்சென்று இருக்கக் கூடாது என்று அமெரிக்க மத்திய நெடுஞ்சாலைத் துறை 2013இல் விளக்கம் கொடுத்தது. 2019இல் அயோவா மாநிலத்தின் ஏம்ஸ் என்ற சின்ன ஊர் வண்ணம் அடித்தபோது, அழிக்கச் சொல்லி அந்தத் துறை கடிதமே எழுதியது. ஏம்ஸ் நகர மன்றம் கடிதத்தை ஓரமாக வைத்துவிட்டு வேலையைப் பார்த்தது. அந்தச் செய்தியைப் படித்தபோது கைதட்டத் தோன்றியது.

கைதட்டிய அதே நான், பிறகு கொஞ்சம் அடங்கினேன். எங்கள் தெருவில் பார்வை மிகக் குறைந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். ஒரு மழை மாலையில் அவரோடு கிராசிங்கில் நின்றேன். நடைபாதை ஓரத்துப் புடைப்புகளில் கைத்தடியை ஒரு முறை உரசிப் பார்த்தார். பிறகு குனிந்து, ஈரத் தார் நடுவே முதல் வெள்ளைப் பட்டையைக் கண்ணால் துழாவினார். கிடைத்ததும் காலை வைத்தார். அடுத்த பட்டை, அடுத்த கால். அவருக்கு அந்தத் தெருவில் தெரிவதே கறுப்பும் வெள்ளையும் மாறி மாறி வருவது மட்டும்தான். அங்கே எங்கள் கோலத்தை விரித்தால் என்ன ஆகும் என்று அன்றைக்குத்தான் யோசித்தேன்.

2021இல் லண்டனில் வண்ணக் கிராசிங்குகள் வந்தபோது, மாற்றுத்திறனாளி அமைப்புகள் மேயர் சாதிக் கானுக்கு இந்தக் கவலையைத்தான் எழுதின. புதிய வண்ணக் கிராசிங்குகளை லண்டன் போக்குவரத்துத் துறை தன் சாலைகளில் நிறுத்திவைத்தது. இப்படிப்பட்ட விதியோடு எனக்குச் சண்டையே இல்லை.

எனக்குச் சண்டை, பாதுகாப்பைச் சாக்காக வைத்து அர்த்தத்தை அழிப்பவர்களோடு. 2016இல் ஆர்லாண்டோவில், தன்பாலீர்ப்பாளர்கள் கூடும் பல்ஸ் இரவு விடுதியில் 49 பேரைச் சுட்டுக் கொன்றான் ஒருவன். அவர்கள் நினைவிடத்துக்கு வெளியே இருந்த வானவில் கிராசிங்கை 2025 ஆகஸ்டில் ஓர் இரவில், நகரத்துக்குச் சொல்லாமல், ஃபுளோரிடா மாநிலத் துறை கறுப்பும் வெள்ளையுமாக மாற்றிவிட்டது. விடிந்ததும் மக்கள் சாக்பீஸோடு வந்து மறுபடி நிறம் தீட்டினார்கள். பாதுகாப்புக்காக என்றார்கள் மாநில அதிகாரிகள். சரி, எத்தனை பேர் அடிபட்டார்கள் என்று கணக்குக் காட்டினார்களா? மாறாக, 17 இடங்களை வைத்து ப்ளூம்பெர்க் அறக்கட்டளை 2022இல் வெளியிட்ட ஆய்வில், சாலை ஓவியம் வந்த பிறகு பாதசாரிகள், சைக்கிள்காரர்கள் சிக்கிய விபத்துகள் பாதியாகக் குறைந்திருந்தன. சாலை ஓவியத்துக்குப் பணம் கொடுப்பதே அந்த அறக்கட்டளைதான், இடங்களும் கொஞ்சம்தான் என்பதால் அதையும் நான் கண்ணை மூடிக்கொண்டு நம்பவில்லை. ஆனாலும் எதிர்த்தரப்பில் அந்த அளவு கணக்குகூட இல்லை.

ஆகவே விதி வேண்டும். முதல் பெயின்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன்பே அது எழுத்தில் இருக்க வேண்டும். பாஸ்டனில் நகராட்சி மன்றக் கொடிக்கம்பத்தில் யார் கேட்டாலும் கொடி ஏற்ற விட்டார்கள். 284 முறை விட்டுவிட்டு, கிறித்தவக் கொடியோடு ஒருவர் வந்தபோது மட்டும் முடியாது என்றார்கள். 2022இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக நகராட்சிக்கு எதிராகத் தீர்ப்பு சொன்னார்கள். எழுதிவைத்த வரம்பு இல்லாமல் எல்லோருக்கும் சரி சொல்லிவந்ததன் விலை அது. இன்னொரு எல்லையும் உண்டு. கனடாவின் வெஸ்ட்லாக் என்ற ஊரில் 2024 பிப்ரவரியில் வாக்கெடுப்பு வைத்து, 663க்கு 639 என்ற கணக்கில், கிராசிங் என்றால் வெள்ளைப் பட்டை மட்டுமே என்று முடிவுகட்டினார்கள். 24 ஓட்டு! எங்கள் கூடுகைக்கு வந்த கூட்டம் அதைவிட அதிகம்.

இத்தனையும் படித்துவிட்டு எங்கள் விண்ணப்பத்துக்கு வந்தால், அதில் நிறத்தைப் பற்றிய கேள்வி கொஞ்சம்தான். வெள்ளைக் கோட்டைத் தொடாதே, எழுத்தோ கடைப் பெயரோ வேண்டாம், அவ்வளவுதான். மிச்சமெல்லாம் பணம். அடிக்க யார் பணம், மங்கினால் மறுபடி அடிக்க யார் பணம். மங்கத்தான் போகிறது. சியாட்டிலுக்குப் போகும்போதெல்லாம் பார்க்கிறேன், மஞ்சள் பட்டைதான் முதலில் அழுக்காகிறது, டயர் ஏறி ஏறிச் சாம்பலாகக் கிடக்கிறது. நம்மூர் வாசல் கோலம் சாயங்காலத்துக்குள் கலைந்தாலும் விடிந்தால் ஒரு கை வந்து புதிதாகப் போடும். இங்கே அந்தக் கை யாருடையது என்று விண்ணப்பத்தில் ஒரு கட்டம் போட்டுக் கேட்கிறார்கள்.

ஓரத்து வெள்ளைக் கோட்டுக்கு உள்ளே, பட்டைகளைத் தொடாமல், தார் தெரியும் இடத்தில் மட்டும் ஒரே நிறத்தில் சிக்குக் கோலம் என்று ஒரு வரைபடம் போட்டு அந்தப் பெரியவரிடமும் காட்டினேன். முகத்துக்கு அருகே வைத்து ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, இது எனக்குத் தெரியாது, அதனால் பரவாயில்லை என்றார்.

பராமரிப்புப் பொறுப்பாளர் கட்டத்தில் யார் பெயரை எழுதட்டும் என்று நேற்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன். எல்லோரும் பார்த்துவிட்டார்கள், நீல டிக் தெரிகிறது. பதில் இல்லை. ஊருக்குத் திரும்பிவிட்ட அந்த அம்மா மட்டும், இன்று காலை தன் வாசலில் போட்ட கோலத்தைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறார்.