மூணு புள்ளிக்குள்ள ஒண்ணுமே இல்ல

காலையில எட்டேமுக்கால். ஃபோன்ல ஆபீஸ் அவுட்லுக் மெயிலைத் திறந்து, மெனு வர்ற மூணு புள்ளியைத் தொட்டேன். ஆட்-இன், அதாவது மெயில் ஆப்போட கூடுதலா சேர்த்துக்குற குட்டிக் கருவி, காணோம். விரல் தப்பா பட்டிருக்கும்னு மூடித் திறந்தேன். காணோம். ஆப்பை மூடித் திறந்தேன். லாகவுட், லாகின், ஓடிபி. ஃபோனையே ஆஃப் பண்ணி ஆன் பண்ணேன். மறுபடியும் மூணு புள்ளி. ஆர்கைவ், ஃப்ளாக் எல்லாம் சமத்தா உட்கார்ந்திருக்கு. மெயிலை ஒரே தட்டுல டாஸ்க் லிஸ்டுக்கு அனுப்புற அந்த ஒண்ணு மட்டும் மாயம்.

ஆபீஸ் ஐடி டீமுக்குப் புகார் டிக்கெட் போட்டேன். "ஸ்க்ரீன்ஷாட் ப்ளீஸ்"னாங்க. எடுக்கப் போனா, ஸ்க்ரீன்ஷாட்டுக்கும் பாலிசி தடை. சரி, காப்பி பண்ணி ஒட்டுவோம்னா, நிறுவனத்தின் தரவை இங்கே ஒட்ட முடியாதாம். கடைசியில தங்கச்சி ஃபோனை வாங்கி என் ஃபோனைப் போட்டோ புடிச்சேன். கிளையன்ட் பேரு, தேதி, தொகை எல்லாம் பளிச்சுனு விழுந்திருக்கு. நீங்க பொத்திப் பொத்திக் காப்பாத்தின கம்பெனி டேட்டா இப்போ அவ கேலரியில பூனைப் படங்களுக்கு நடுவுல பத்திரமா இருக்கு சாமி.

பதில் வந்துச்சு: பாதுகாப்புக் காரணங்களுக்காக மொபைலில் மட்டும் நிறுத்தியிருக்கோம். மொபைல்ல மட்டுமா? லேப்டாப்லயும் போச்சே! ஆட்-இன் என்ன ஃபோனுக்குள்ள கிடக்குற சாமானா? மெயில்பாக்ஸோட ஒட்டினது. அங்க பிடுங்கினா எல்லா இடத்துலயும்தான் போகும். இதை டிக்கெட் போட்டவன் சொல்லிக் குடுக்கணும்.

கண்டவன் எழுதின ஆட்-இன் மெயில்பாக்ஸ் மொத்தத்தையும் மேயலாம், உங்க பேர்ல மெயிலே அனுப்பலாம்ங்கிற பயம் நியாயம்தான். ஆனா அவுட்லுக்ல அந்த அனுமதி 4 படியா இருக்கு. முழு மெயில்பாக்ஸையும் கேக்குறது உச்சிப்படி. என்னுது கேட்டது, திறந்து வச்சிருக்கிற ஒரு மெயிலைப் படிக்க மட்டும். எது எந்தப் படின்னு பாத்து, தேவையானதை அட்மினே எல்லாருக்கும் போட்டுவிடலாம். அதுக்குப் பாக்கணுமே! மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டையே கொளுத்திட்டாங்க.

டிக்கெட் நிலவரம்? "தீர்க்கப்பட்டது". அஞ்சு ஸ்டாருக்கு எத்தனை குடுப்பீங்கன்னு ஒரு லிங்க் வேற. தொட்டேன். இந்த லிங்க்கைத் திறக்க உங்களுக்கு அனுமதி இல்லை. சிரிச்சிட்டேன், வேற என்ன பண்றது.

அப்புறம், இதைப் பத்தி ஐடி எல்லாருக்கும் அனுப்பின அறிவிப்புக்கு ரிப்ளை-ஆல் போட்டு "நோட்டட், தேங்க்ஸ்" சொன்ன பதினோரு பேரே, உங்களைத் தடுக்க ஒரு பாலிசி இல்லையாப்பா?