"கேஸ் கம் ஹை, சாப்"

மே மாசத்துத் தில்லியில் ஏசி குளிரவில்லை என்று ஆளைக் கூப்பிட்டால், கேஜை மாட்டிய ரெண்டாவது நிமிஷம் தீர்ப்பு வந்துவிடும்: "கேஸ் கம் ஹை, சாப்." கேஸ் குறைந்துவிட்டதாம். முனிர்க்காவோ மயூர் விஹாரோ, வசனம் மாறாது. நாமும் போடச் சொல்லிவிடுகிறோம். கேஸ் என்ன பெட்ரோலா, ஓட ஓடத் தீர்வதற்கு? மூடின செப்புக் குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது அது. குறைந்திருந்தால் எங்கேயோ ஒழுகுகிறது.

இதற்கும் மாண்ட்ரியலுக்கும் என்ன சம்பந்தம்? ஏசி கேஸ் உட்பட ஓசோன் படலத்தை அரிக்கும் ரசாயனங்களை ஒழிக்க 1987-இல் அங்கே போட்ட ஒப்பந்தம், உலகத்தின் எல்லா நாடுகளும் ஏற்றுக்கொண்டு, பெரும்பாலும் சொன்னபடி நடந்தும் காட்டிய அபூர்வம். அதை ஜெயிக்க வைத்தது நல்லெண்ணம் என்று நான் நம்பவில்லை. சேராத நாட்டோடு அந்த ரசாயனங்களில் வியாபாரம் கூடாது என்று ஒரு பூட்டு. ஏழை நாடுகள் மாறுவதற்கான செலவுக்கு 1990-இல் லண்டனில் முடிவான ஒரு நிதி. இந்தியா சேர்ந்ததே அதற்கப்புறம், 1992-இல். ஓசோனைத் தொடாவிட்டாலும் பூமியைச் சூடாக்கும் புது கேஸ்களுக்காக அதே ஒப்பந்தத்தில் செய்த 2016 கிகாலி திருத்தமும் இதே புத்திதான்: வளர்ந்த நாடுகள் பெரும்பாலும் 2019-லிருந்தே குறைக்கணும், சீனாவுக்கு 2024-இல் உச்சவரம்பு, நமக்கு 2028.

ஆனால் ஒப்பந்தம் எண்ணுவது உற்பத்தியை, இறக்குமதியை. ஃபேக்டரி கேட்டோடும் துறைமுகத்தோடும் அது நின்றுவிடுகிறது. மொட்டைமாடியில் கசிவது கணக்கிலேயே இல்லை. பழைய ஏசிகளில் இருக்கும் ஆர்-22 கேஸ் ஒரு கிலோ காற்றில் போனால், நூறு வருஷக் கணக்கில் சுமார் 1,800 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். இப்போது வரும் ஆர்-32 கூட 675 கிலோ.

பாதி நேரம் குற்றவாளி அவுட்டோர் யூனிட்டின் ஃப்ளேர் நட். குழாயின் வாய் கிண்ணம் மாதிரி விரிந்து பித்தளை நட்டுக்குள் உட்காரணும். பிசிறு இருந்தாலும் கசியும், அளவுக்கு மீறி முறுக்கினாலும் வாய் விரிசல் விட்டுக் கசியும். நைட்ரஜன் ஏற்றி சோப்பு நுரை தடவினால் கொப்புளம் காட்டிக்கொடுத்துவிடும். அடைத்தபின் வேக்கம் பம்பை ஓட்டி, உள்ளே இருக்கும் அழுத்தத்தை 500 மைக்ரானுக்கு (வெற்றிடத்தை அளக்கும் அலகு) கீழே இறக்கணும்; பம்பை நிறுத்தியும் அளவு ஏறாமல் நிற்கணும். அப்புறம்தான் கேஸ், அதுவும் சிலிண்டரைத் தராசில் வைத்து, நேம் பிளேட்டில் போட்டிருக்கும் கிராம் கணக்குக்கு.

நடப்பது வேறு. வால்வைத் திறந்து, கேஸாலேயே உள்ளே இருக்கும் காற்றை 'புஸ்' என்று வெளியே தள்ளுவார்கள். தங்கிவிட்ட ஈரம் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகி, கம்ப்ரசர் காயிலை மெல்ல அரிக்கும். ஆளைத் திட்டி என்ன பயன்? ஒழுங்காகச் செய்ய ரெண்டு மணி நேரம் வேணும். நாம் பேரம் பேசுவதோ இருபது நிமிஷக் கூலிக்கு.

இதைவிட மோசம் பழைய ஏசி கபாடிவாலாவிடம், அதாவது பழைய சாமான் வாங்குபவரிடம், போகும்போது. அவருக்கு வேண்டியது செம்பு. குழாயை வெட்டினால் மிச்ச கேஸ் முழுக்க காற்றில். அதை உறிஞ்சிச் சிலிண்டரில் அடைக்கிற மெஷின் இல்லாமல் இல்லை, ஆனால் அதற்குச் செலவழிக்க அவருக்கு என்ன தலையெழுத்து? பிடித்துக் கொடுக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு விலை வைத்து, அந்த சர்வதேச நிதியிலிருந்தே அவர் கையில் கொடுக்கணும்.