மெப் பெரிசானால் கதை பெரிசாகுமா?

போன மாதம் கனடாவில் இருந்து வந்த மச்சான் ஒரே நாளில் திருக்கோணமலையை 'முடித்தான்'. வான் பிடித்து, காலையில் கோணேசர், கோட்டைக்குள் மான்களோடு ஒரு செல்ஃபி, கன்னியாவில் ஏழு கிணற்றிலும் ஒவ்வொரு வாளி, பின்னேரம் நிலாவெளி. இரவு சாப்பிடும்போது எது பிடித்தது என்று கேட்டேன். "கிண்ணியாப் பாலம் வாறதுக்கு முதல் பாதையில, அதான் அந்த மிதவைப் படகில, வாகனம் ஏத்தி இறக்கின கதை ஒண்டு அந்த வான் அண்ணை சொன்னார். அதுதான்டா" என்றான்.

எனக்கு உடனே டிராகன் ஏஜ்: இன்குவிசிஷன் என்ற வீடியோ கேம் ஞாபகம் வந்தது. சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம்.

2014இல் வந்த அந்தக் கேமில் ஹின்டர்லான்ட்ஸ் என்று ஒரு பெரிய நிலப்பரப்பு. கொடி நடு, துண்டு பொறுக்கு, அகதிகளுக்கு இறைச்சியும் போர்வையும் தேடிக் கொடு. அகதி என்றால் யார் என்று எங்கள் ஊருக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஆனால் அந்த முகாமில் நின்ற ஒருத்தருடைய முகமும் எனக்கு ஞாபகம் இல்லை. ஞாபகம் இருப்பது எங்களோடு கூட வந்து சண்டை போடுகிற அயர்ன் புல் மட்டும்தான். தன் கூட்டத்துப் பெடியன்களா, தன் இனத்தோடு வரப்போகும் கூட்டணியா என்று அவன் மலையில் நின்று தவித்தபோது நான் கொன்ட்ரோலரை வைத்துவிட்டு எழும்பிப் போய் தண்ணி குடித்தேன்.

அதைச் செய்த பயோவேர் கம்பனியே 2010இல் மாஸ் எஃபெக்ட் 2 என்ற விண்வெளிக் கேமைச் செய்தபோது நேர்மாறாக யோசித்தது. முதல் பாகத்தில் வெறும் கிரகங்களில் வண்டியோட்டித் திரிந்ததைத் தூக்கிவிட்டு, கூட வருகிற ஒவ்வொருத்தருக்கும் ஒரு லோயல்டி மிஷன், அதாவது அவரவர் சொந்தப் பிரச்சினையைத் தீர்த்து வைக்கிற ஒரு வேலை, கொடுத்தார்கள். (கனிமம் தேடி கிரகம் கிரகமாக ஸ்கேன் பண்ண வைத்ததை நான் இன்னும் மன்னிக்கவில்லை.)

அந்தக் கூட்டாளிகளில் ஒருவரான மோர்டினுடைய மிஷனை எடுங்கள். க்ரோகன் என்ற வேற்றுக்கிரக இனத்தில் பிள்ளைகள் பிழைக்காமல் செய்கிற நோயைப் புதுப்பித்த விஞ்ஞானி அவர். கடத்தப்பட்ட மாணவனை மீட்கப் போனால், அவன் குற்ற உணர்ச்சியில் தானாகவே போய், மருந்து தேடுகிறேன் என்று கொடூரமான பரிசோதனை செய்துகொண்டிருக்கிறான். இறந்துபோன க்ரோகன் பெண்ணின் உடலுக்கு முன்னால் மோர்டின் தடுமாறுகிற இடம் இருக்கிறதே! மொத்தம் நாலைந்து அறைதான். அந்த ஆய்வுத் தகவலை வைப்பதா அழிப்பதா என்று நாங்கள் எடுக்கிற முடிவு, 2012இல் வந்த மூன்றாம் பாகத்தில் ஓர் உயிராகத் திரும்பி வருகிறது. தொடர்ச்சி என்றால் எனக்கு இதுதான்.

ஓப்பன் வேர்ல்ட், அதாவது பெரிய நிலப்பரப்பில் இஷ்டத்துக்குத் திரிகிற கேம், கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. அப்படியான விட்சர் 3இல் பிளடி பேரன் என்ற பிரபுவுடைய வீட்டு வாசலில் வைத்தே அந்தப் பெரிய மெப் எனக்கு மறந்துபோனது. மறுபக்கம், 2024இல் வந்த அடுத்த டிராகன் ஏஜ் கேமான வெயில்கார்ட் திரும்பவும் மிஷனுக்கும் கூட்டாளிகளுக்கும் வந்தது, ஆனால் ஏழு பேரும் கல்யாண வீட்டில் புதுச் சம்பந்திகள் மாதிரி அளந்து அளந்து கதைக்கிறார்கள். கோபம் வந்தால்தானே ஆளைத் தெரியும்?

மாஸ் எஃபெக்ட் 2ஐ நான் முதலில் முடித்தது 2022 கரண்ட் கட் காலத்தில். கடைசிச் சண்டைக்கு கூட்டாளிகளில் காரஸையும் கிரன்டையும், பலசாலிகள் என்று, என்னோடு கூட்டிப் போனேன். பின்னால் வாசலைக் காத்து நின்ற மோர்டின் செத்துப்போனார். கரண்ட் போக இன்னும் அரை மணித்தியாலம்தான் இருந்தது. பழைய சேவ் ஃபைலை லோட் பண்ணினேன்.