ஏன் முன்பே கிளம்பவில்லை?

சூடானின் எல் ஃபாஷர் நகரைப் பற்றிய ஒரு காணொளியைப் பகிர்ந்திருந்தேன். நண்பர் ஒருவர் கேட்டார்: “இத்தனை மாதமாக முற்றுகை நடந்திருக்கிறதே, இவர்கள் ஏன் முன்பே கிளம்பிப் போகவில்லை?” கெட்ட மனதோடு கேட்டதாகத் தெரியவில்லை. ஆனாலும் அந்தக் கேள்வி இரண்டு நாளாக என்னை அரிக்கிறது.

சரி, எப்படிக் கிளம்புவது? 2024 மே மாதத்தில், சூடான் ராணுவத்தோடு மோதும் ஆர்.எஸ்.எஃப் என்ற துணை ராணுவப் படை அந்த நகரை வளைத்தது. அடுத்த ஆண்டு ஊரைச் சுற்றி மண் கரையே எழுப்பிவிட்டார்கள். தஞ்சம் புகலாம் என்றால் அருகில் இருப்பது தவிலா. சுமார் 60 கிலோமீட்டர் போக வேண்டும். வழியெல்லாம் கொள்ளை, கொலை, பாலியல் வன்முறை. உள்ளேயே இருந்தவர்கள் ‘அம்பாஸ்’ தின்றார்கள். அதாவது எண்ணெய் ஆட்டிய பிறகு மிஞ்சும் சக்கை, மாட்டுக்கு வைக்கிற புண்ணாக்கு. 2025 அக்டோபர் இறுதியில் நகரம் விழுந்தபோது, தப்பி ஓடியவர்களையும் மறித்துக் கொன்றார்கள்.

கிளம்ப முயன்றவர்களைத் தடுப்பது ஒரு காலத்தில் சட்டப்படியே சரி. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது 1863இல் அந்நாட்டு ராணுவத்துக்காக வந்த போர் விதிகளான லீபர் விதிகளில் அப்பட்டமாகவே இருக்கிறது: உணவு மிச்சம் பிடிக்க முற்றுகைக்குள் இருப்பவர்கள் வெளியே அனுப்பும் பொதுமக்களைத் திருப்பி உள்ளே விரட்டலாம், ஊர் சீக்கிரம் சரணடையும். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியப் படை வளைத்த சோவியத் நகரம் லெனின்கிராடு 872 நாள் முற்றுகையில் கிடந்தது. 1941 குளிர்காலத்தில் குழந்தைகளுக்கும் வேலையில்லாதவர்களுக்கும் ஒரு நாளைக்குக் கிடைத்தது 125 கிராம் ரொட்டி. ஜெர்மானியத் தளபதி ஃபான் லேப் மீது நூரம்பெர்க்கில் வழக்கு நடந்தது. நகரைவிட்டு வெளியேற முயலும் மக்கள் மேல் பீரங்கியால் சுட உத்தரவிட்டது குற்றச்சாட்டுகளில் ஒன்று. 1948இல் நீதிமன்றம் என்ன சொன்னது தெரியுமா? சட்டம் வேறு மாதிரி இருந்திருக்கலாம் என்று நாங்கள் விரும்பக்கூடும், ஆனால் இருக்கிற சட்டப்படி இது குற்றமில்லை என்றது. பட்டினியைப் போர்முறையாகப் பயன்படுத்தக் கூடாது என்று ஜெனிவா ஒப்பந்தங்களின் கூடுதல் நெறிமுறை சொன்னது 1977இல்தான். இந்தத் தேதியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

நகரத்தில் குண்டுக்குத் தப்பியவர்களை மின்வெட்டு பிடிக்கிறது. மின்சாரம் நின்றால் பம்ப் நிற்கும். மேல்மாடிக்குத் தண்ணீர் ஏறாது, கழிவுநீர் வெளியேறாது. அப்புறம் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு தெருவில் வரிசை. 1990களில் முற்றுகையில் இருந்த போஸ்னியத் தலைநகர் சரயேவோவில் ஒரு பீர் ஆலையின் ஊற்றை நம்பித்தான் பலர் இருந்தார்கள்; அந்த வரிசை மேலும் எறிகணை விழுந்தது. 2022இல் ரஷ்யப் படை வளைத்த உக்ரைனின் மரியுபோலில் பனியை உருக்கிக் குடித்தார்கள், வீட்டைச் சூடாக்கும் குழாய்களில் தேங்கிய தண்ணீரைக்கூட வடித்து எடுத்தார்கள். டயாலிசிஸ் நின்று இறந்தவர், இன்சுலின் தீர்ந்து இறந்தவர், அழுக்குத் தண்ணீரால் வந்த வயிற்றுப்போக்கில் இறந்த குழந்தை, இவர்களெல்லாம் எந்தப் போர்க்கணக்கில் வருகிறார்கள்? நோயால் இறந்தார் என்று எழுதினால் முடிந்தது.

எனக்குப் பயம் வேறு. ‘ஏன் போகவில்லை’ என்ற கேள்வி கொஞ்ச நாளில் தீர்ப்பாக மாறிவிடும். “வழி திறந்துவிட்டாயிற்று, இன்னும் உள்ளே இருக்கிறவன் எதிரிதான்.” 2016இல் சிரியாவில், முற்றுகையில் இருந்த அலெப்போவின் கிழக்குப் பகுதியில் மனிதாபிமானப் பாதை என்று அறிவித்தார்கள். முற்றுகை போட்டவனே காவல் நிற்கும் பாதையில் வயசுப் பையனை யார் கூட்டிக்கொண்டு போவார்கள்? படுக்கையில் கிடக்கும் தாயை எப்படித் தூக்கிப்போவது? மரியுபோல் நாடக அரங்கில் ஒதுங்கியவர்கள் வெளியே தரையில் ‘குழந்தைகள்’ என்று ரஷ்ய மொழியில், வானத்திலிருந்து தெரிகிற அளவுக்குப் பெரிதாக எழுதி வைத்திருந்தார்கள். 2022 மார்ச் 16 அன்று அதன் மேலேயே குண்டு விழுந்தது.

நண்பருக்குச் சட்டமெல்லாம் எழுதவில்லை. சரயேவோ சுரங்கத்தின் படம் ஒன்றை மட்டும் அனுப்பினேன். விமான நிலையம் ஐ.நா. கையில் இருந்தது. இரவில் ஓடுபாதையைக் கடந்து தப்ப முயன்றவர்களை ஐ.நா. வீரர்களே பிடித்துத் திருப்பி அனுப்பினார்கள், மறைந்திருந்து சுடுகிறவர்கள் வேறு. அதனால் 1993இல் ஓடுபாதைக்கு அடியில் சுமார் 800 மீட்டர் தோண்டினார்கள். குனிந்துதான் நடக்க முடியும். அதன் வழியே வெளியே போனவர்களில் எத்தனையோ பேர் மாவு மூட்டையைச் சுமந்துகொண்டு மறுபடி உள்ளேயே வந்தார்கள். வீட்டில் ஆள் இருந்ததே.